ஸ்டாப்வாட்ச் யாரைப் பார்த்து நிற்குது?

இந்த எபிசோட் ரெண்டு வாரம் தாமதம், மன்னிக்கணும். அப்பத்தாவுக்குக் கண் ஆபரேஷன். எங்க ஊர் பேரையூர்ப் பக்கம். அங்கிருந்து அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்து, மதுரை அண்ணா நகரில் இருக்கிற அரவிந்த் கண் மருத்துவமனையில் காட்டினேன். ரெண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கு என்றார்கள். ஒரு கண்ணுக்கு முடித்துக்கொண்டு போய் ஊரில் விட்டாச்சு. இன்னொரு கண்ணுக்கு அடுத்து வரணும்.

அங்கே காத்திருந்த நேரத்தில்தான் இன்றைக்குப் பேசப்போகிற விஷயமே கிடைத்தது. சாஃப்ட்வேர்காரன் புத்தி எங்கே போனாலும் விடாது. ஒரு வரிசையைப் பார்த்தால் அது எங்கே அடைக்குது, எங்கே ஓடுது என்றுதான் மனசு கணக்குப் போடும். பதிவு, பார்வைச் சோதனை, சொட்டு மருந்து, டாக்டர், அப்புறம் ஆபரேஷன் பற்றி உட்கார வைத்துப் பொறுமையாக விளக்குகிற சிஸ்டர் என்று அப்பத்தா ஒரு இடத்தில் இருந்து அடுத்த இடத்துக்கு நகர்ந்துகொண்டே இருந்தார். 'அடுத்து எங்க போகணும்' என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. யாராவது ஒரு சிஸ்டர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். ஒவ்வொரு சிஸ்டரும் ஒரே ஒரு வேலையைத்தான் செய்தார். அதை அன்றைக்கு நூறாவது தடவையாகச் செய்துகொண்டிருப்பார் என்பது கை போகிற வேகத்திலேயே தெரிந்தது.

எனக்குச் சட்டென்று காலேஜில் படித்த ஒரு பேப்பர் ஞாபகம் வந்தது. பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட். இன்ஜினியரிங் படித்தவர்களுக்குத் தெரியும், பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மட்டும் படிக்கிற பாடம் அது. டெய்லர், ஃபயோலுடைய 14 கொள்கைகள், ஹாதார்ன் பரிசோதனை, மாஸ்லோவின் முக்கோணம். அந்தப் பாடம் சொல்கிற கதை ரொம்ப எளிமையானது. முதலில் கிளாசிக்கல் என்று ஒரு கோஷ்டி வந்தது, மனுஷனை மிஷினாகப் பார்த்தது. பிறகு பிஹேவியரல் என்று இன்னொரு கோஷ்டி வந்தது, மனுஷனை மனுஷனாகப் பார்த்தது. முன்னது தப்பு, பின்னது சரி. பதிமூணு மார்க்.

அந்தக் கதையில் ரெண்டு பாதியுமே ஓட்டை என்று இப்போது நினைக்கிறேன். அதைச் சொல்வதற்குத்தான் இந்த எபிசோட். முடிவில் என் ஆபீஸில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாகணும். அதை முதலிலேயே சொன்னால் பாதிப் பேர் என்னைத் திட்டிவிட்டு அணைத்துவிடுவீர்கள்.

முதலில் டெய்லர். ஃபிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர், 1856-இல் ஃபிலடெல்பியாவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் தேறியும் கண் கோளாறால் படிக்கப் போகாமல் பட்டறை வேலைக்குப் போனார் என்று சொல்வார்கள். கண் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்த எபிசோடுக்கு இது பொருத்தமாக அமைந்துவிட்டது! மிட்வேல் இரும்பாலையில் சாதாரண வேலையாளாகச் சேர்ந்து தலைமைப் பொறியாளர் வரைக்கும் உயர்ந்தார். கீழே இருந்து வந்ததால் அவருக்கு ஒரு ரகசியம் தெரியும். தொழிலாளர்கள் வேண்டுமென்றேதான் மெதுவாக வேலை பார்க்கிறார்கள். நம்ம ஊரில் 'ஒப்பேத்துறது' என்போமே, அதுதான். ஆனால் அது சோம்பேறித்தனம் மட்டும் இல்லை என்றும் அவருக்குத் தெரியும். வேகமாகச் செய்து காட்டினால் முதலாளி பீஸ் ரேட்டைக் குறைத்துவிடுவான். பிறகு அதே கூலிக்கு ரெண்டு மடங்கு வேலை. அப்புறம் எவன் வேகமாகச் செய்வான்?

டெய்லர் கண்ட மருந்து ஸ்டாப்வாட்ச். ஒரு வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரிப்பது, ஒவ்வொன்றுக்கும் நேரம் குறிப்பது, மிகச் சிறந்த ஒரே வழியைக் கண்டுபிடித்து அதை எல்லோருக்கும் கற்றுத்தருவது. பெத்லஹேம் இரும்பாலையில் அவர் காட்டிய உதாரணம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். சுமார் 42 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்புக் கட்டிகளைத் தூக்கி ரயில் வண்டியில் ஏற்றுகிற வேலை. ஒரு ஆள் நாளைக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில், ஷ்மிட் என்று டெய்லர் பெயர் வைத்த ஒரு தொழிலாளி, எப்போது தூக்கணும், எப்போது உட்காரணும் என்று பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, 47 டன் ஏற்றினாராம். கூலி 1.15 டாலரில் இருந்து 1.85 டாலர் ஆனது. வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி ஒண்ணே முக்கால் மடங்குகூட இல்லை. டெய்லர் இந்தக் கதையைக் கொஞ்சம் மசாலா சேர்த்துத்தான் எழுதினார் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அது போகட்டும். எனக்கு உறுத்துவது வேறு. இந்த வேலைக்குப் பொருத்தமான ஆள் புத்தியில் மாட்டைப் போல இருப்பான் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். யோசிப்பது மேலே இருப்பவன் வேலை, செய்வது கீழே இருப்பவன் வேலை. டெய்லரிடம் உண்மையான கோளாறு இங்கேதான் இருக்கு. நேரம் குறிப்பதில் இல்லை.

அவருடைய 'சயின்டிஃபிக் மேனேஜ்மென்ட்' புத்தகம் 1911-இல் வந்தது. அதே வருஷம் வாட்டர்டவுன் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் ஸ்டாப்வாட்சைப் பார்த்ததும் வார்ப்புத் தொழிலாளர்கள் வெளிநடப்பு செய்தார்கள். விவகாரம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரைக்கும் போனது. பிறகு அரசுத் தொழிற்சாலைகளில் ஸ்டாப்வாட்சுக்கே தடை வந்தது. ஒரு கடிகாரத்துக்குத் தடை! அதை அவர்கள் கடிகாரமாகப் பார்க்கவில்லை, சாட்டையாகப் பார்த்தார்கள்.

ஃபயோலை வேகமாகத் தாண்டிவிடலாம். பிரெஞ்சுச் சுரங்கக் கம்பெனியை நடத்தியவர், 1916-இல் தன் 14 கொள்கைகளை வெளியிட்டார். ஒரு ஊழியனுக்கு ஒரே ஒரு மேலதிகாரிதான் கட்டளை இடணும் என்பது அதில் ஒன்று. ரெண்டு மேனேஜர், ஒரு கிளையன்ட், ஒரு ஸ்க்ரம் மாஸ்டர் என்று நாலு பேருக்குப் பதில் சொல்கிற ஐடி மக்கள் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஃபிராங்க் கில்பிரெத்தைத் தாண்ட முடியாது. கொத்தனாராக வாழ்க்கையைத் தொடங்கியவர். ஒரு செங்கல்லை எடுத்து வைக்க 18 அசைவுகள் ஆனதை ஐந்தாகக் குறைத்தவர். அவரும் உளவியல் படித்த அவர் மனைவி லில்லியனும் சினிமா கேமராவை எடுத்துக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே போனார்கள். டாக்டர் எவ்வளவு நேரம் அறுக்கிறார், எவ்வளவு நேரம் கத்தியைத் தேடுகிறார் என்று பார்த்தார்கள். தேடுகிற நேரம்தான் பெரிசாக இருந்தது. கருவியை டாக்டர் தேடக்கூடாது, அவர் கையை நீட்டினால் பக்கத்தில் இருக்கிறவர் அதை உள்ளங்கையில் வைக்கணும் என்று கில்பிரெத் சொன்னார். கத்தி என்று டாக்டர் கையை நீட்டுவதும் நர்ஸ் வைப்பதும் நமக்கு எல்லா சினிமாவிலும் பழக்கப்பட்ட காட்சி. அதன் பின்னால் ஒரு கொத்தனாரின் கணக்கும் இருக்கு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அண்ணா நகரில் தேவைப்படும்.

அடுத்தது ஹாதார்ன். சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் டெலிபோன் தொழிற்சாலை. 1924-இல் வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று சோதிக்கத் தொடங்கினார்கள். கூட்டினாலும் கூடியது, குறைத்தாலும் பெரிசாகக் குறையவில்லை. குழம்பிப்போய், 1927-இல் ரிலே பூட்டுகிற பெண்கள் சிலரைத் தனி அறையில் உட்காரவைத்து, இடைவேளை கொடுத்து, வேலை நேரத்தைக் குறைத்து, வருஷக்கணக்கில் கவனித்தார்கள். உற்பத்தி ஏறிக்கொண்டே போனது. ஹார்வர்டில் இருந்து எல்டன் மேயோ வந்தார். மனுஷனுக்குக் கூலியை விடக் கவனிப்பும் கூட்டமும் முக்கியம் என்று விளக்கம் சொன்னார். மனித உறவுகள் கோட்பாடு பிறந்தது.

பரீட்சைத் தாளில் வராத ஒரு விஷயம் உண்டு. அந்த அறையில் இருந்த ஐந்து பெண்களில் ரெண்டு பேரை, அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி நடுவில் மாற்றிவிட்டார்கள். மாற்றாக வந்தவர்கள் வேகமானவர்கள். கூலிக் கணக்கும் அந்தச் சின்னக் குழுவின் உற்பத்தியை வைத்து என்று மாறியிருந்தது. 1967-இல் அலெக்ஸ் கேரி என்ற ஆஸ்திரேலியர் இதையெல்லாம் தோண்டி எடுத்து, அன்பால் உற்பத்தி கூடியது என்கிற கதைக்கு ஆதாரம் பலவீனம் என்று கட்டுரை எழுதினார். அன்பான அறை என்று நாம் படித்த இடத்திலும் பேசினால் வெளியேற்றம் உண்டு. அதே தொழிற்சாலையில் 1931-இல் 14 ஆண்கள் வேலை பார்த்த இன்னொரு அறையைக் கவனித்தார்கள். அங்கே கம்பெனி என்ன ஊக்கத்தொகை கொடுத்தாலும் ஆட்கள் தங்களுக்குள் ஒரு அளவு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் ஒருத்தன் வேகமாகச் செய்தால் தோள்பட்டையில் ஒரு குத்து விழும். டெய்லர் மிட்வேலில் பார்த்த அதே ஒப்பேத்தல். சிரித்துப் பேசினாலும் சரி, கடிகாரம் காட்டினாலும் சரி, தொழிலாளி ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நான் மிச்சப்படுத்திக் கொடுக்கிற நேரம் யாருக்குப் போகுது?

இப்போது மதுரைக்கு வருவோம். இந்தக் கேள்வி நமக்குப் புதுசு இல்லை. ஹார்வி சகோதரர்கள் 1892-இல் மதுரை மில்லைத் தொடங்கினார்கள். மில் சங்கு ஊதினால்தான் ஊருக்கு மணி தெரியும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நம்ம பக்கத்து விவசாயக் குடும்பங்களுக்கு நிமிஷக் கணக்கில் வேலை என்பதை முதன்முதலில் கற்றுத்தந்தது அந்தச் சங்குதான். அதே ஹார்வி குடும்பம் நடத்திய தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரியில் நடந்த வேலைநிறுத்தம் நமக்குப் பாடத்தில் வ.உ.சி. பேரோடு வரும். அந்தத் தொழிலாளிகள் கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்டதும் வாங்கியதும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அதாவது நேரம். அப்போது டெய்லர் புத்தகம் வர இன்னும் மூணு வருஷம் இருக்கு.

அந்தப் புத்தகம் வந்த அதே 1911-இல்தான் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தன் தொழிலைத் தொடங்கினார். டிவிஎஸ் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிபண்ணிய கதை மதுரையில் எல்லா வீட்டிலும் உண்டு. ரோட்டில் மாட்டுலாடமும் ஆணியும் டயரைக் கிழிக்குது என்று, காந்தம் கட்டிய வண்டியை முன்னால் விட்டு ஆணி பொறுக்கினார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் காந்தம்தான். பஸ் தாமதம் என்றால் டிரைவரைத் திட்டுவது சுலபம். தாமதம் ஆணியில் இருக்கு, டிரைவரில் இல்லை என்று கண்டுபிடிக்க ரோட்டைக் குனிந்து பார்க்கணும். 1972-இல் அந்த பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆனது. அது இன்னொரு எபிசோடுக்கான கதை.

இனி டாக்டர் வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் கிராமத்தில் 1918-இல் பிறந்தவர். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் பட்டம் வாங்கி, ராணுவ மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தார். பிரசவ மருத்துவராக ஆசைப்பட்டவர். அந்த வயதிலேயே முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போயின. நீண்ட நாள் படுக்கை. பிறகு கண் மருத்துவம் படித்து, கோணிய விரலுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு, தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராக இருந்து 1976-இல் ஓய்வு பெற்றதும், வீட்டை அடகு வைத்து, தம்பி தங்கைகளையும் அவர்கள் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு 11 படுக்கையோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அவருக்கு மெக்டொனால்ட்ஸ் மேல் பெரிய மரியாதை இருந்தது என்பது மேனேஜ்மென்ட் உலகில் பிரபலமான செய்தி. அமெரிக்காவில் அந்தக் கடைகளைப் பார்த்து, எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே மாதிரி பர்கரைச் சாதாரண இளைஞர்களைப் பழக்கியே கொடுக்க முடிகிறது என்றால், கண்பார்வையை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று கேட்டார். இதைக் கேட்டதும் நம்மில் பலருக்கு முகம் சுளிக்கும். ஆஸ்பத்திரியை பர்கர் கடை மாதிரி நடத்துவதா? ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் கஸ்தூரி ரங்கன் 1993-இல் அரவிந்தைப் பற்றி எழுதிய கேஸ் ஸ்டடி உலகம் முழுக்க வகுப்புகளில் ஓடுது. அதைப் படித்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் இதே சுளிப்புதான் முதலில் வந்திருக்கும்.

தியேட்டருக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு சர்ஜனுக்கு ரெண்டு மேஜை. ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே, அடுத்த மேஜையில் அடுத்த நோயாளியை சிஸ்டர்கள் தயார்செய்து படுக்க வைத்திருப்பார்கள். முதல் கண் முடிந்ததும் சர்ஜன் மைக்ராஸ்கோப்பை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணுக்குப் போய்விடுவார். கருவி எல்லாம் வரிசையில், கை நீட்டினால் கைக்கு வரும். சாதாரணமாக ஒரு மணி நேரத்தில் ஒன்றோ ரெண்டோ செய்கிற இடத்தில் இங்கே ஆறேழு. இந்தியாவில் ஒரு கண் சர்ஜன் வருஷத்துக்குச் சராசரியாக 400 ஆபரேஷன் செய்தால், இங்கே ஒருவர் சுமார் 2,000 செய்கிறார் என்பது எல்லோரும் எடுத்துக்காட்டுகிற கணக்கு. வேகத்தால் தரம் குறையவும் இல்லை. ஒவ்வொரு சர்ஜனுக்கும் எத்தனை கண்ணில் சிக்கல் வந்தது என்று குறித்து வைத்துப் பேசுகிறார்கள்.

இது அப்பட்டமான டெய்லர். வேலையைப் பிரிப்பது, ஒரே வழி, நேரக் கணக்கு, எண்ணிக்கை எல்லாமே இருக்கு. கில்பிரெத்தும் இருக்கார். ஆனாலும் ஏன் இங்கே வாட்டர்டவுன் வாசனை வரவில்லை? அப்பத்தா உள்ளே போயிருந்த நேரம் முழுக்க எனக்கு இதே யோசனைதான்.

எனக்குத் தோன்றிய பதில் இது. டெய்லர் ஸ்டாப்வாட்சை, தொழிற்சாலையிலேயே மிகவும் மலிவான ஆளைப் பார்த்துத் திருப்பினார். இரும்பு தூக்குகிற ஷ்மிட்டை. அரவிந்தில் அது மிகவும் அரிதான ஆளைப் பார்த்து நிற்குது. கண் சர்ஜனைப் பார்த்து. அங்கே மிச்சப்படுத்துவது சிஸ்டருடைய நேரத்தை இல்லை, டாக்டருடைய நேரத்தை. பார்வைச் சோதனை, அளவெடுப்பது, விளக்கம் சொல்வது, கண்ணைத் தயார்செய்வது, கட்டுப் போடுவது என்று டாக்டர் செய்யத் தேவையில்லாத எல்லாவற்றையும் அவர் தலையில் இருந்து இறக்கினார்கள். கிராமத்தில் பிளஸ் டூ முடித்த பெண்களைச் சேர்த்து, ரெண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, அந்த வேலைகளை அவர்களிடம் கொடுத்தார்கள். ஊழியர்களில் பாதிக்கும் மேல் அவர்கள்தான். ஷ்மிட்டின் கையில் இருந்து யோசிப்பதைப் பிடுங்கினார் டெய்லர். இங்கே டாக்டர் கையில் இருந்த திறமையில் ஒரு பங்கு, எங்க ஊர்ப் பக்கமாக இருந்தால் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருக்கக்கூடிய ஒரு பெண்ணின் கைக்கு வந்திருக்கு.

அடுத்து அந்த மிச்ச நேரம் எங்கே போனது என்ற கேள்வி. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ ஆபரேஷன். மிச்சப்பட்ட நேரம் அவர்களுக்குப் போனது. காசு கட்டுகிறவர்கள் தரும் வருமானத்தில் எல்லாம் ஓடுது. ஏழை என்று சான்றிதழ் கேட்பதில்லை, எந்தப் பக்கம் போவது என்பது நோயாளியின் முடிவு. ஆரம்பத்தில் இலவச ஆபரேஷன் என்று முகாம் போட்டும் பலர் வரவில்லை. காரணம் கேட்டால் பஸ் காசு, சாப்பாடு, கூலி நட்டம். இலவசம் என்பது கிராமத்துக்காரருக்கு இலவசமாக இல்லை. அதனால் பஸ்ஸும் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஊர்க்காரர்களை ஒரே பஸ்ஸில் கூட்டி வந்து, ஒன்றாகப் படுக்கவைத்து, ஒன்றாகத் திரும்ப அனுப்பினார்கள். தனியாக வரப் பயப்படுகிற பாட்டி, பக்கத்து வீட்டுக்காரம்மா கூட இருந்தால் வருவார். மேயோ தேடிய அந்தக் கூட்டம் இதுதான் என்பேன், ஆனால் உற்பத்தியைக் கூட்ட ஊழியர்களிடம் தேடியதை இவர்கள் நோயாளிகளிடம் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டில் இருந்து வந்தால் நூறு டாலர் பக்கம். சோடாபுட்டிக் கண்ணாடியோடு ஏழைகளை அனுப்ப மனசு வராமல், 1992-இல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே லென்ஸ் செய்து, விலையைப் பத்து டாலருக்குக் கொண்டுவந்து பிறகு அதற்கும் கீழே இறக்கினார்கள்.

இதைக் கோயில் ஆக்கிக் கும்பிட நான் வரவில்லை. குடும்பம், சேவை என்ற சொற்களை எந்த நிறுவனம் சொன்னாலும் எனக்கு ஒரு காது கூர்மையாகும். நாள் முழுக்க நிற்கிற ஒரு சிஸ்டரின் காலில், அவர் சம்பளத்தில், அவர் கல்யாணத்துக்குப் பிறகு என்ன ஆகிறார் என்பதில் நியாயமான கேள்விகள் உண்டு. உலகம் முழுக்க ஓடுகிற கேஸ் ஸ்டடியில் டாக்டருக்கு முகம் உண்டு, பேர் உண்டு. சிஸ்டர் பெரும்பாலும் ஒரு எண்ணிக்கைதான். ஸ்டாப்வாட்ச் சர்ஜனைப் பார்த்து நிற்குது என்று சொன்னேன். அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடுகிற கால்கள் சிஸ்டர்களுடையவை.

அப்பத்தா வெளியே வந்ததும் கேட்டேன். "வலிச்சுச்சா அப்பத்தா?"

"எங்கிட்டு வலிக்க? அந்தப் புள்ள எங்கையப் புடிச்சுக்கிட்டு, எந்த ஊரு, எத்தன பேரப்புள்ளைகன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சுய்யா. சொல்லி முடிக்குமுன்ன முடிஞ்சிருச்சுங்குது."

"டாக்டர் எப்படி?"

"டாக்டரா? டாக்டரை யாரு பாத்தா?"

மேயோவும் டெய்லரும் ஒரே நிமிஷத்தில் ஒரே மேஜையில் வேலை பார்த்திருக்கிறார்கள். ஒருவர் கையைப் பிடித்திருந்தார், இன்னொருவர் கண்ணை முடித்துவிட்டார். நேரம் மிச்சமானதால்தான் கையைப் பிடிக்க ஒரு ஆள் இருந்தது.

சரி, இப்போது என் கதை. வேலை பார்க்கிற கம்பெனியின் பேர் வேண்டாம். போன வருஷம் எங்க டீமுக்கு ஒரு டாஷ்போர்டு வேணும் என்று மேலே இருந்து வந்தது. யார் எத்தனை டிக்கெட் முடிக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆகுது, தாமதமானால் சிவப்பு. எழுதிக் கொடுத்தது நான். ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து ஆசை ஆசையாக எழுதினேன், பாராட்டும் வாங்கினேன். டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இருந்தார். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவர் பேர் தொடர்ந்து மூணு மாதம் சிவப்பில் வந்தது. மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் திரையில் வந்தது. நாலாவது மாதம் வேலையை விட்டுவிட்டார். நான் அப்போது, பாவம், வேகம் பத்தலை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பத்தாவை ஊரில் விட்டுத் திரும்பிய ராத்திரி, அந்தப் பழைய டேட்டாவை எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். டிக்கெட் அவர் கையில் எத்தனை நாள் இருந்தது, அவர் முடித்துவிட்டு ரிவ்யூவுக்கு அனுப்பிய பிறகு எத்தனை நாள் காத்திருந்தது? ரெண்டு நிமிஷ வேலை, டாஷ்போர்டு எழுதும்போதே செய்திருக்கலாம். அவர் டிக்கெட்டுகள் சராசரியாக ஆறு நாள். அதில் அவர் கையில் இருந்தது ரெண்டு நாள். மிச்ச நாலு நாளும் ரிவ்யூ பண்ணுகிற ஆளுக்காகக் காத்திருந்தது. ரிவ்யூ பண்ணுகிற ஆள் நான்.

அடுத்த நாள் அந்தப் பெண்ணுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். நடந்ததை அப்படியே எழுதி, மன்னிப்பும் கேட்டேன். சாயங்காலம் பதில் வந்தது. 'எனக்கு அப்பவே தெரியும்ணா.' அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

டாஷ்போர்டில் ஒரு காலம் சேர்த்திருக்கிறேன். யாருக்காக எத்தனை நாள் காத்திருப்பு என்று. இப்போதைக்கு முதல் வரியில் என் பேர், அதற்கு அடுத்து என் மேனேஜர் பேர். லிங்கை அவருக்கு அனுப்பிப் பத்து நாள் ஆச்சு. இன்னும் திறந்து பார்க்கவில்லை. அதையும் அந்தக் காலம் எண்ணிக்கொண்டுதான் இருக்கு.

அப்பத்தாவுக்கு அடுத்த கண், வர்ற செவ்வாய்க்கிழமை. அதனால் அடுத்த எபிசோடும் கொஞ்சம் தாமதமாகலாம். டிவிஎஸ் பஸ் அரசுடைமையான கதையைச் சொல்கிறேன். மில்லில் வேலை பார்த்த தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால் சங்கு பற்றிக் கேட்டு எழுதி அனுப்புங்கள்.